எனக்கும் நாயுடுவுக்கும் மட்டும் படிக்க வந்த எழுத்து

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு சித்திரக் கண்காட்சிக்குத்தான் எழுத்து வடிவமைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாதவர்கள் மேல் எனக்கு வருத்தமும் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவள்ளூர் கடைத்தெருவில் நின்றிருந்த எவனும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபது வயது. திருவள்ளூர் பஜாரில் ஒரு நாயுடு நடத்திய அச்சகத்தில் கம்பாசிட்டர் வேலை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்க வேண்டும். அச்செழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறித்தான் இருக்கும். காகிதத்தில் பதிந்த பிறகுதான் நேராகும். மூன்று வருஷம் இதையே பார்த்ததில், எழுத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் தடுமாறாமல் படிக்கிற கண் எனக்கு வந்துவிட்டது. அதை நான் ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (வியாதி என்று பிற்பாடு தெரிந்தது.)

எங்கள் வீடு பழவேற்காட்டில். வாப்பா நான் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். உம்மாவையும் என் அக்கா ஜைனப் லாத்தாவையும் என்னையும் மாமாதான் பார்த்துக்கொண்டார். மாமா கருவாட்டு வியாபாரி. லாத்தா என்னைவிட ஒரு வயதுதான் பெரியவள். ஆனால் அவளுக்குப் படம் வரைய வரும். ஏரியில் காயும் வலை, சேற்றில் கால் புதைந்து நிற்கும் பூநாரை, ஒல்லாந்தர் கல்லறைமேல் ஏறித் தூங்கும் ஆடு என்று எதைப் பார்த்தாலும் வரைந்துவிடுவாள். பட்டணத்தில் ஓவியம் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் சேர விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருந்தாள். படிவத்தின் அடியில் பாதுகாவலர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டில் மாமா கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை படிவத்தைக் கொடுக்கக் கடைசி நாள்.

மாமா கெட்டவர் அல்ல. ஊர் சிரிப்புக்குப் பயந்தவர், அவ்வளவுதான். அதற்கும் காரணம் உண்டு. ஒரு சமயம் புதுப்படகு ஒன்று கட்டி, ஊரையே கூப்பிட்டு, பிரியாணி போட்டு, பேண்டு வாத்தியக்காரர்களைப் படகிலேயே ஏற்றித் தண்ணீரில் இறக்கினார். படகு இறங்கிய வேகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாத்தியக்காரர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். அதில் ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தொடர்ந்து ஊதியதாகக் கேள்வி. ஊர் இரண்டு வருஷம் சிரித்தது. அன்றிலிருந்து மாமா எந்தக் காரியத்துக்கும் வைத்திருந்த அளவுகோல் ஒன்றுதான்: ஊர் சிரிக்குமா, சிரிக்காதா.

லாத்தா படிவத்தை நீட்டியபோதும் அதையே கேட்டார்.

"நாலு பேரு பாக்கட்டும் ஜைனப்பு. பாத்துட்டு யாரும் சிரிக்காம போனாங்கன்னா கையெழுத்து போட்டுடறேன். ஊரு சிரிச்சிடுச்சுன்னா படத்தையெல்லாம் பொட்டில வெச்சு பரண்ல ஏத்திடணும். அப்பறம் பட்டணம், படிப்புன்ற பேச்சே எடுக்கக் கூடாது."

"படத்த பாத்து எதுக்கு மாமா சிரிக்கப் போறாங்க?"

"எதுக்கு சிரிப்பாங்கன்னு யாருக்கும்மா தெரியும். படகு எறக்கச்சொல்ல எனக்கு தெரிஞ்சிதா?"

தெரிந்தவர்கள் இருக்கும் ஊரே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அதனால் கண்காட்சி திருவள்ளூரில். எங்கள் அச்சகத்துக்கு அடிக்கடி வரும் ஹெட்மாஸ்டர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைக்குப் பள்ளிக்கூட ஹாலைத் தர ஒப்புக்கொண்டார். காட்சிக்கு 'ஏரியும் கரையும்' என்று லாத்தா பெயர் வைத்தாள். அவள் பெயர் சுவரில் வரக் கூடாது என்பது மாமாவின் இன்னொரு நிபந்தனை.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இந்த இடத்தில் நான் உள்ளே வந்தேன்.

"லாத்தா, போஸ்டர், அழைப்பு, வாசல் துணி, படத்துக்கு கீழ ஒட்டற சீட்டு, எல்லாத்துக்கும் ஒரே எழுத்து. எங்க பாத்தாலும் இது அந்தக் காட்சிதான்னு தெரியணும். மாமா கூடைக்கெல்லாம் நண்டு மார்க் போடறாரு இல்ல, அந்த மாதிரி. எழுத்தையே நானு புதுசா செய்யப் போறேன்."

"பேரு ஒழுங்கா தெரிஞ்சா போதும்டா காசிம்" என்றாள் லாத்தா. (இந்த ஒரு வரியை நான் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.)

மூன்று வாரம் வேலை செய்தேன். ஒல்லாந்தர் கல்லறைக் கற்களில் உள்ள எழுத்தின் தடிப்பும் மெலிவும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளிவாசல் சுவரில் உள்ள அரபு எழுத்தின் வளைவும் பிடிக்கும். இரண்டையும் கலந்து தமிழில் ஓர் எழுத்து வரைந்தேன். கொம்புகளை நீட்டினேன், சுழிகளைப் படகு மாதிரி வளைத்தேன். ஈய எழுத்து ஒன்றுகூடக் கலக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஆகவே தலைப்பு மட்டுமல்ல, நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் தேக்குப் பலகையில் என் கையாலேயே செதுக்குவதென்று தீர்மானித்தேன்.

மரத்தில் செதுக்குவதற்கு ஒரு முறை உண்டு. மெல்லிய தாளில் நேராக எழுதி, அதைப் பலகையில் குப்புற ஒட்ட வேண்டும். தாள் வழியாக எழுத்து இடவலம் மாறித் தெரியும். அதன்மேலேயே செதுக்கினால் அச்சில் நேராக விழும். நான் என்ன செய்தேன் என்றால், மூன்று வருஷப் பழக்கத்தில் தாளிலேயே எழுத்தை இடவலம் மாற்றி எழுதிவிட்டேன். பிறகு முறைப்படி அதைக் குப்புறவும் ஒட்டினேன். பழக்கம் ஒரு தடவை திருப்பியது, படிப்பு ஒரு தடவை திருப்பியது. பலகையில் எழுத்து நேராக வந்துவிட்டது. நேரான பலகை காகிதத்தில் என்ன செய்யும் என்று அச்சகத்தைக் கூட்டிப் பெருக்குகிற ஆளுக்குக்கூடத் தெரியும்.

எனக்கு மட்டும் தெரியவில்லை. பலகையைப் பார்த்தேன், படித்தேன், சரியாக இருந்தது. அச்சடித்த தாளைப் பார்த்தேன், படித்தேன், அதுவும் சரியாகவே இருந்தது. அச்சகத்தின் பெயர் இல்லாமல் எதையும் ஒட்டக் கூடாது என்பது சட்டம்; அதனால் அந்த ஒரு வரியை மட்டும் மனமில்லாமல் ஈய எழுத்தில் அடியில் சேர்த்தேன். அந்த வரி ஒரு பக்கமும் மற்றதெல்லாம் எதிர்ப்பக்கமும் ஓடின. இரண்டையும் படித்தேன். இரண்டிலும் ஒரு குறை காணவில்லை.

நாயுடு இருந்திருந்தால் தடுத்திருப்பாரோ என்று கேட்கலாம். அவர் பள்ளிப்பட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு. (இருந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டார். அது ஏன் என்று பிறகு வருகிறது.)

சனிக்கிழமை மத்தியானம் உம்மாவும் லாத்தாவும் பஸ் மேல் படங்களைப் பாயில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஹாலில் படங்களை மாட்டினோம். வாசலில் இரண்டு மூங்கில் நட்டு, பெரிய பலகைகளால் மை பதித்த காடாத் துணியைக் கட்டினேன். லாத்தா துணியை வெகுநேரம் பார்த்தாள்.

"வித்தியாசமா இருக்குடா" என்றாள்.

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேறென்ன வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு என்று பொழுது சாய்வதற்குள் அறுபது போஸ்டர் ஒட்டினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஊர் என் எழுத்தை ரசிப்பதைப் பார்க்கக் கடைத்தெருவுக்குப் போனேன். டீக்கடைச் சுவரில் என் போஸ்டர். அதன்முன் பத்துப் பேர். எல்லோரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரசிகர்கள் என்று நினைத்தேன். சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி ஓரமாக நின்றேன்.

"இன்னாபா இது, தெலுங்கா?" என்றார் ஒருவர்.

"தெலுங்கு எனக்கு தெரியும்பா. இது தெலுங்கு இல்ல" என்றார் இன்னொருவர். "ஆனா தெலுங்குக்காரன் வேலதான். கீழ பாரு, நாயுடு பிரஸ்ஸுன்னு போட்டுக்கீது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போஸ்டரைப் பார்த்தேன். 'ஏரியும் கரையும், சித்திரக் காட்சி' என்று பளிச்சென்று இருந்தது. பிறகு அடியில் இருந்த அச்சகத்தின் பெயரைப் பார்த்தேன். மறுபடி மேலே பார்த்தேன். மறுபடி கீழே. அப்போதுதான், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, நேர் எது மாறியது எது என்று என் கண்ணுக்குப் பிரிந்தது. இடவலம் மாற்றினாலும் கெடாத ஒரே உத்தமன் 'ப'. 'பள்ளிக்கூட ஹால்' என்பதில் அது மட்டும் மானத்தோடு நின்றது. மற்ற எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. ஊர் முழுக்க ஒட்டிய காகிதத்தில் மனிதர்களால் படிக்க முடிந்தது எங்கள் அச்சகத்தின் பெயர் மட்டும்தான்.

அந்தச் சமயம் ஆந்திராவுக்கும் நமக்கும் எல்லை எங்கே என்று பெரிய தகராறு. பள்ளிப்பட்டுப் பக்கமெல்லாம் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்தது. சுவரில் புரியாத எழுத்து ஒன்று முளைத்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும். ஆனால் எனக்கு அந்தக் கவலைகூட அப்போது இல்லை. டீக்கடையில் ஒருவர் போஸ்டருக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே படிக்க முயன்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு மாமாவின் ஞாபகம்தான் வந்தது. மாமா பதினோரு மணி பஸ்ஸில் வருகிறார். வந்து இறங்குகிற பஸ் ஸ்டாண்டில் மட்டும் நான்கு போஸ்டர்.

ஓடினேன். நல்ல பசையாகக் காய்ச்சியிருந்தேன் (எழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அன்று நான் ஒழுங்காகச் செய்திருந்தேன்), அதனால் நகத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் கிழிக்க முடிந்தது. இரண்டாவது போஸ்டரில் பாதி வந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினேன். ஏட்டு.

"இன்னா, சாட்சிய கிழிக்கிறியா?"

"இல்ல சார், நான்தான் ஒட்டினேன்."

"ஓகோ, நீதான் ஒட்டினியா. நட பிரஸ்ஸுக்கு."

அச்சக வாசலில் ஏற்கெனவே ஒரு கூட்டம். நடுவில், காலைப் பஸ்ஸில் பள்ளிப்பட்டிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய நாயுடு, கையில் துணிப்பையோடு திகைத்து நின்றார். ஏட்டு ஒரு போஸ்டரை அவர் முகத்துக்கு நேராக விரித்தார்.

"இதுல இன்னா எழுதியிருக்குது நாயுடு?"

நாயுடு முப்பது வருஷம் அச்சகத்தில் இருந்தவர். போஸ்டரை ஒரு பார்வை பார்த்தார். "ஏரியும் கரையும், சித்திரக் காட்சி. ஞாயித்துக்கெழம காலைல பதினோரு மணிக்கு, பள்ளிக்கூட ஹால்" என்று மூச்சு விடாமல் படித்தார். "சரியாத்தானே நைனா இருக்குது? எழுத்து கொஞ்சம் கோணலு. அதுக்கா போலீசு?"

ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

"இத்தினி பேருக்கு படிக்க வரல. உனக்கும் இவனுக்கும் மட்டும் கடகடன்னு வருது. அப்ப இது உங்க ரெண்டு பேரு ரகசிய எழுத்தா?"

உண்மையைச் சொன்னால் நம்புவாரா என்று தெரியவில்லை. அப்படியே நம்பினாலும், மணி எட்டரை; பதினோரு மணிக்குள் எல்லாப் போஸ்டரையும் கிழித்தாக வேண்டும். நாயுடுவுக்கு அப்போதும் விஷயம் பிடிபடவில்லை. "ரகசியம் இன்னாய்யா ரகசியம், தமிழு" என்று மறுபடி ஒரு தடவை படித்துக் காட்டினார். படிக்கப் படிக்க ஏட்டின் முகம் இறுகியது.

நாயுடு தலை வாருவதற்காக மெஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருப்பார். அது என் கண்ணில் பட்டது. கழற்றிக்கொண்டு வந்து போஸ்டருக்கு எதிரே பிடித்தேன். ஏட்டு கண்ணாடிக்குள் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஏ... ரி... யும்... க... ரை... யும்." முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒருவர் மாற்றி ஒருவர் அந்தக் கண்ணாடியை வாங்கிப் படித்தார்கள். பிறகு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கூட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. நாயுடு மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, தெலுங்கில் மெதுவாக என் பரம்பரையை விசாரித்தார்.

"சாயங்காலத்துக்குள்ள ஊர்ல ஒரு போஸ்டர் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஏட்டு போய்விட்டார்.

"வாசல்ல துணி கட்டினியா?" என்றார் நாயுடு.

"கட்டினேன் நைனா."

"அதுவும் இப்பிடித்தானா?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு..."

நாயுடு கண்ணை மூடித் திறந்தார். "காடாத் துணிதானே. மை பின்பக்கம் ஊறியிருக்கும். போயி துணிய திருப்பி கட்டு. பின்பக்கம் நேரா தெரியும். போ."

அந்த மனுஷனுக்கு இன்றும் என் மனசில் ஒரு நன்றி உண்டு. ஓடினேன். போகிற வழியெல்லாம் கிழிக்க முடிந்த போஸ்டரைக் கிழித்துக்கொண்டே போனேன். ஹாலை அடைந்தபோது மணி பத்து. வாசலில் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். சித்திரம் பார்க்க வந்தவர்கள் அல்ல, துணியைப் பார்க்க வந்தவர்கள். உள்ளே லாத்தா உம்மாவோடு, பெண்களுக்காகக் கட்டிய திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எழுத்து மாறியிருக்கறது எனக்கு நேத்தே தெரியுமேடா" என்றாள்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீ வேணும்னு செஞ்சிருக்கேன்னு நெனச்சேன். நம்ம ஊட்ல வலத்துலேர்ந்துதானே படிக்கறோம். தமிழ் எழுத்தையும் அந்த மாதிரி ஓட விட்டிருக்கான், கெட்டிக்காரன்னு நெனச்சேன்."

எங்கள் ஊர் வீடுகளில் தமிழையே அரபு எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதிப் படிக்கிற வழக்கம் உண்டு. லாத்தா அந்தக் கண்ணால் பார்த்திருக்கிறாள். என்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையை நினைத்தபோது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அவள் கையில் அந்தப் படிவம் இருந்தது. நான்காக மடித்து, பிரித்து, மடித்து, மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது.

"மாமா வர்றதுக்குள்ள திருப்பிடறேன்" என்று ஏணியைத் தூக்கினேன்.

ஏணியின் உச்சியில் நின்று இடது முடிச்சை அவிழ்த்தேன். துணி ஒரு பக்கம் தொங்கியது. கீழே இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "தலகீழா கட்டுப்பா, அப்ப தெரியும்" என்றார் ஒருவர். "நீ துணிய உடு, ஊர திருப்பு" என்றார் இன்னொருவர். சிரிப்பு. வலது முடிச்சை அவிழ்க்கத் திரும்பியபோது, தெருமுனையில் வெள்ளை ஜிப்பா, கறுப்புக் குடை. மாமா. ஒரு பஸ் முன்னாடியே பிடித்து வந்துவிட்டார்.

என்னால் இறங்கவும் முடியவில்லை, கட்டவும் முடியவில்லை. மாமா கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றார். சிரிக்கிறவர்களைப் பார்த்தார். அவர்கள் பார்க்கிற துணியைப் பார்த்தார். தொங்கிய பாதி போக மீதி எழுத்து எல்லோருக்கும் தெரிந்தபடிதான் இருந்தது. என்னைப் பார்த்தார். நான் திரைப்பக்கம் பார்த்தேன். லாத்தா திரையை விலக்கிக்கொண்டு, கையில் படிவத்தோடு வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

மாமா பக்கத்தில் நின்ற கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டார். அவர் குரலை ஏணிமேல் இருந்தே என்னால் கேட்க முடிந்தது.

"இன்னா எழுதியிருக்குது சார்? கண்ணாடிய ஊட்ல வெச்சுட்டு வந்துட்டேன்."

"கண்ணாடி இருந்தாலும் தெரியாது பாய். எனக்கே ஒண்ணும் புரியல."

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து, கோட்டுப் போட்ட ரயில்வே குமாஸ்தாவிடம் அதையே கேட்டார். "தெரியலீங்க" என்றார் குமாஸ்தா. மாமா இன்னும் நகர்ந்தார். அங்கே ஹெட்மாஸ்டர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் துணியோடு போராடிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு தெரியுமா சார்?"

"நான் பி.ஏ. படிச்சவன் பாய். நானும் அரை மணியா பாக்கறேன். வரமாட்டேங்குது."

மாமாவின் தோள்கள் குலுங்கின. கோபத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். பிறகு ஒரு சத்தம் வந்தது. படகு சாய்ந்த நாளிலிருந்து வெளியிடத்தில் யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. மாமா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மற்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"எனக்கும் படிக்க வரல" என்றார் மாமா, எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கு எப்பவுமே வராது. எங்க எழுத்துல எழுதினா படிப்பேன், இந்த எழுத்து தெரியாது. நாப்பது வருஷமா எந்த ஊரு போனாலும் போர்டு முன்னாடி இப்பிடித்தான் நின்னுகினு இருக்கேன். கண்ணாடி மறந்துட்டேன், கண்ணாடி மறந்துட்டேன்னு. எனக்கு கண்ணாடியே கெடையாது. இன்னிக்கித்தான் ஹெட்மாஸ்டரும் என் பக்கத்துல வந்து நிக்கறாரு."

மாமாவுக்குத் தமிழெழுத்து தெரியாது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வீட்டில் வளர்ந்தவன் நான். வரும் கடிதத்தையெல்லாம் என்னைப் படிக்கச் சொல்லி, "உன் வாய்க்கு பழக்கம் வரட்டும்டா" என்பார். ஏணிமேல் நின்றபடி அதையெல்லாம் நினைத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஹெட்மாஸ்டர்தான் முதலில் பேசினார். "வாங்க பாய், உள்ள போயி படத்தையாவது பாப்போம். அது நேராத்தானே இருக்கும்?"

"நேராத்தான் இருக்கு சார்" என்றேன் ஏணியிலிருந்து. அதற்குச் சிரித்தார்கள்.

மீதி முடிச்சை அவிழ்க்கக் கை வைத்தேன். "உடுடா, அப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார். துணியைப் பார்க்க வந்த அத்தனை பேரும் அவர் பின்னால் போனார்கள்.

உள்ளே இன்னொரு கூத்து. படங்களுக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டுகளும் என் கைவண்ணம்தான் என்பதால், எது என்ன படம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. திரைக்குப் பின்னாலேயே இருப்பதாகத்தான் லாத்தாவோடு பேச்சு. மாமாவே கூப்பிட்டார்.

"ஜைனப்பு, இங்க வாம்மா. கேக்கறாங்க, யாருக்கும் படிக்க வரல. நீயே சொல்லு."

லாத்தா முக்காட்டைச் சரி செய்துகொண்டு வந்தாள். முதல் படத்துக்குக் குரல் எழும்பவே இல்லை. இரண்டாவது படம் காயும் வலை. "இது மூணு மணிக்கு வெச்ச வலைங்க. அந்நேரம்தான் நெழலு இப்பிடி விழும்" என்றாள். நான்காவது படத்துக்கு வரும்போது ஹெட்மாஸ்டரிடமே, "கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க சார், கிட்ட பாத்தா சேறுதான் தெரியும்" என்றாள். அவர் தள்ளி நின்றார். கூட்டமே தள்ளி நின்றது. மாமா படங்களைப் பார்க்கவில்லை. லாத்தா பேசுவதையும், அவள் சொன்னபடி கோட்டுப் போட்டவர்கள் நகர்ந்து நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு லாத்தா படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நீட்டவில்லை, வைத்தாள், அவ்வளவுதான்.

"ஊரு சிரிச்சிடுச்சே மாமா" என்றாள்.

"சத்தமா சிரிச்சவன் நானுதானே. என்னையே நான் எப்பிடி குத்தம் சொல்றது?" என்றார். என்னிடம் பேனா கேட்டார். வலது ஓரத்தில் தொடங்கி, எங்கள் வீட்டு எழுத்தில் பெயரை எழுதி முடித்தார். நைந்த மடிப்பில் நிப்பு மாட்டி ஓரிடத்தில் மை கசிந்தது. லாத்தா அதை ஊதி ஊதிக் காய வைத்தாள். அழுதுகொண்டே ஊதினாள்.

மறுநாள் படிவம் போய்ச் சேர்ந்தது. லாத்தா படித்தாள், பட்டணத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் டீச்சராக இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தாள். நான் அன்று சாயங்காலம் வரைக்கும், மறுநாள் முழுக்கவும், வாளித் தண்ணீரும் தேங்காய் நாருமாகத் திருவள்ளூர்ச் சுவர்களைத் தேய்த்தேன். நாயுடு என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அச்சில் ஏறும் எதையும் முதலில் தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். தன் கண்ணையும் அவர் அன்றிலிருந்து நம்பவில்லை.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் எந்தக் காரியம் சொதப்பினாலும் "காசிம் அச்சா?" என்றுதான் கேட்பார்கள். சோறு குழைந்தால் காசிம் அச்சு. மாப்பிள்ளைக்குச் சட்டை அளவு தப்பினால் காசிம் அச்சு. என் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது. என்னை வைத்துக்கொண்டே சொல்வார்கள். அதெல்லாம் பழகிவிட்டது.

ஆனால் இதைத் தொடங்கி வைத்தவர் மாமா. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் கண்ணாடி மறந்த கதையை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாண வீட்டிலோ, தாலுகா கச்சேரியிலோ, பாங்கியிலோ யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால், அதைக் கையில் வாங்கி, தூரப் பிடித்து, "இன்னாது, நம்ம காசிம் அடிச்சதா இது? எனக்கு படிக்க வரலையே" என்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே யாராவது ஒருவர் அதை வாங்கி அவருக்குப் படித்துக் காட்டுவார். நான் பக்கத்தில் இருந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அவர் மவுத்தாகிக் கண்மூடும் வரைக்கும், நான் கண்ணால்கூடப் பார்த்திராத காகிதங்களையெல்லாம், "ஆமா மாமா, நான்தான் அடிச்சேன்" என்று ஒப்புக்கொண்டு வந்தேன்.